கண்ணாடிப் பேழைக்குள் சார்லி பார்க்கரின் சாக்ஸபோன்



நம் தோழரின் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் இந்தச் சொற்பொழிவில் பெரும்பாலும் கவிதை, நாவல், தன்வரலாறு பற்றியே பேசியிருக்கிறோம். இந்த முறை ஓர் இசைக்கருவியைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். அமைப்பாளர்கள் மறுக்கவில்லை. அவர்களுக்கு நன்றி.

நான் பேசப்போகும் கருவி அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், கேன்சஸ் சிட்டி என்னும் நகரில், அமெரிக்க ஜாஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது ஓர் ஆல்டோ சாக்ஸபோன். சாக்ஸபோன் என்றால் பித்தளையில் மஞ்சளாக மின்னும் என்றுதான் நமக்கு நினைவு வரும். இதன் உடலோ வெளிறிய பாலேடு நிறப் பிளாஸ்டிக். விசைகள் மட்டும் உலோகம். தெரியாதவர் பார்த்தால் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் என்று சொல்லிவிடுவார். அதை வாசித்தவர் சார்லி பார்க்கர். ‘பேர்ட்’, அதாவது பறவை, என்று அவரை அழைத்தார்கள். ஜாஸ் இசையின் போக்கை 1940களில் மாற்றிய கறுப்பினக் கலைஞர்களில் முதல் வரிசையில் நிற்பவர்.

ஒரு பிளாஸ்டிக் ஊதுகருவிக்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். ஒரு கலைஞனின் கருவி அருங்காட்சியகத்துக்குள் போகும்போது யாருடைய பெயர் உள்ளே போகிறது, யாருடைய உழைப்பு வெளியே நிற்கிறது என்பதுதான் இன்று என் கேள்வி. அதற்கு இந்தக் கருவியின் கதை நன்றாக உதவும்.

முதலில் கருவி. பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் சாக்ஸ் 1840களில் உருவாக்கி 1846இல் காப்புரிமை பெற்றது சாக்ஸபோன். படைவாத்தியக் குழுக்களில் அதற்கு இடம் கிடைத்தது. ஐரோப்பியச் செவ்வியல் வாத்தியக் குழுவிலோ நிரந்தர இருக்கை தரப்படவில்லை. சபை சேர்க்காத அந்தக் கருவியைத் தங்கள் குரலாக மாற்றியவர்களில் பெரும்பங்கு கறுப்பின மக்களுடையது.

இந்தப் பிளாஸ்டிக் வகையின் பெயர் கிராஃப்டன். லண்டனில் வாழ்ந்த ஹெக்டர் சோமருகா என்ற இத்தாலியர் வடிவமைத்தார். 1950இல் விற்பனைக்கு வந்தபோது விலை 55 பவுண்டு. பித்தளைச் சாக்ஸபோன் ஏறக்குறைய இருமடங்கு விலை. ஆகவே இது கை இறுக்கமானவனின் கருவி. கீழே விழுந்தால் உடையும், பழுது பார்ப்பதும் கடினம். 1960களில் இதன் தயாரிப்பு நின்றுபோனது. ஆர்னெட் கோல்மன் என்ற இன்னொரு பெரும் கறுப்பினக் கலைஞரும் பித்தளை வாங்கக் காசில்லாத காலத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்ஸபோன்தான் வாங்கினார். அவருடைய இசையைக் கேலி செய்தவர்கள் கருவியையும் சேர்த்துக் கேலி செய்தார்கள். காசில்லாதவன் கையிலிருக்கும் பொருளைப் பார்த்து அவன் கலையை எடைபோடும் பழக்கம் எந்த ஒரு நாட்டுக்கும் தனிச்சொத்து இல்லை போலும்.

அடுத்து வாசித்தவர். பார்க்கர் பிறந்தது 1920 ஆகஸ்ட் 29. பிறந்தது கேன்சஸ் மாநிலத்துப் பக்கம், வளர்ந்தது ஆற்றுக்கு இந்தப்புறம் மிசௌரிப் பக்கம். தாய் ஆடி பார்க்கர் தந்தி அலுவலகத்தில் இரவுநேரத் துப்புரவு வேலை பார்த்தவர். மகனுக்கு முதல் சாக்ஸபோன் வாங்கித் தந்தவர் அந்தத் தாய்தான். மற்றவர்களின் அலுவலகத் தரையைப் பெருக்கித் துடைத்த கூலியில் வந்த கருவி அது. அருங்காட்சியகத்தில் இருப்பது அந்தக் கருவி அன்று. ஆனால் அந்தத் தாயின் கூலி இல்லாமல் கண்ணாடிக்குள் இருக்கும் கருவிக்கு ஒரு பொருளும் இல்லை.

அன்றைய கேன்சஸ் சிட்டி நிறத்தால் கிழிக்கப்பட்ட ஊர். கறுப்பர் வாழ்ந்த பகுதி பதினெட்டாம் தெருவும் வைன் தெருவும் சந்திக்கும் இடம். வெள்ளையர் சங்கத்தில் இடமில்லாததால் கறுப்பின இசைக்கலைஞர்கள் 1917இல் தங்களுக்கென்று ஒரு தொழிற்சங்கம் அமைத்தார்கள். 627 என்பது அதன் எண். வெள்ளையரின் பேஸ்பால் அணிகளில் இடமில்லாததால், பார்க்கர் பிறந்த அதே 1920இல் அதே ஊரில் கறுப்பினத்தவருக்கான பேஸ்பால் லீக் தொடங்கப்பட்டது. கதவு சாத்தப்பட்ட மக்கள் தங்கள் தெருவில் தாங்களே வீடு கட்டிக்கொண்டார்கள். அந்தத் தெருவில் இரவு முழுக்க நடந்த வாசிப்புகளில் கேட்டும் தோற்றும் வளர்ந்தவர் பார்க்கர். பதினாறு வயதில் ஒரு மேடையில் தாளம் தவறியபோது, டிரம்ஸ் கலைஞர் ஜோ ஜோன்ஸ் தன் சிம்பலைக் கழற்றி அவர் காலடியில் வீசினார் என்பது ஜாஸ் உலகம் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை. அதன்பிறகு அந்தப் பையன் சாதகம் செய்த சாதகம்தான் உலகம் அறிந்தது.

நியூயார்க்கில் அவர் பெயர் பெற்றார். டிஸ்ஸி கில்லெஸ்பியோடு சேர்ந்து பெபாப் என்ற புதிய பாணியை உருவாக்கினார். வெள்ளையர் நடனமாடுவதற்குப் பின்னணி இசைத்துக்கொண்டிருந்த கறுப்பின வாத்தியக்காரர்கள், உட்கார்ந்து கவனித்துக் கேட்டாக வேண்டிய ஓர் இசையைப் படைத்தார்கள். இதை நான் ஒரு சமூகச் செயலாகப் பார்க்கிறேன். பணியாளாக இருந்தவன் ‘நான் கலைஞன், உட்கார்ந்து கேள்’ என்று சொன்ன செயல் அது.

அப்படிச் சொன்னவனைச் சமூகம் என்ன செய்தது? 1949 டிசம்பரில் நியூயார்க்கில் அவர் பெயரைத் தாங்கி ‘பேர்ட்லாண்ட்’ என்ற இசைவிடுதி திறக்கப்பட்டது. பின்னாளில் அந்த விடுதியிலேயே அவர் வாசிக்கத் தடை வந்தது. பெயர் பலகையில், ஆள் தெருவில். அந்நகரத்தில் மது விற்கும் இடங்களில் வேலை செய்யக் காவல்துறை தரும் அட்டை ஒன்று வேண்டும். பார்க்கரின் அட்டை 1951இல் பறிக்கப்பட்டது. பில்லி ஹாலிடே, தெலோனியஸ் மங்க் ஆகியோரின் அட்டைகளும் பறிக்கப்பட்டவையே. தன் தொழிலைச் செய்ய உரிமை கேட்டு, மனைவி மக்களின் நிலையைச் சொல்லி, 1953 பிப்ரவரியில் பார்க்கர் அதிகாரிகளுக்கு மனு எழுதினார். உலகமே பின்பற்றிய ஒரு கலைஞன் வாசிப்பதற்கு அனுமதி கேட்டு மனு எழுதுகிறான்! போதைப்பழக்கம் அவரை அரித்தது உண்மை. அதை நான் மறைக்கவோ அழகுபடுத்தவோ விரும்பவில்லை. நோயாளிக்கு மருத்துவம் தர வேண்டிய இடத்தில் பிழைப்பைப் பறித்தது அரசு. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த உண்மை முழுமை பெறும்.

அந்த மனுவுக்கு மூன்று மாதம் கழித்து, 1953 மே 15 அன்று, கனடாவின் டொரான்டோ நகரில் மேசி ஹால் அரங்கில் ஒரு நிகழ்ச்சி. பார்க்கர், கில்லெஸ்பி, பட் பவல், சார்லஸ் மிங்கஸ், மேக்ஸ் ரோச் என ஐந்து பேர் மேடையில். அன்றிரவு சிகாகோவில் உலகக் கனரகக் குத்துச்சண்டைப் போட்டி. அரங்கு நிறையவில்லை, பேசிய தொகையும் எல்லோருக்கும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. பார்க்கர் தன் கருவியை அடகு வைப்பதும் இரவல் கருவியில் வாசிப்பதும் அவர் வாழ்வில் புதிதல்ல. அன்று அவர் கையில் இருந்தது இந்தப் பிளாஸ்டிக் சாக்ஸபோன். அந்த ஒலிப்பதிவு இன்று ஜாஸ் வரலாற்றின் உச்சங்களில் ஒன்றாக வைக்கப்படுகிறது.

அந்த ஒலிப்பதிவு இசைத்தட்டாக வந்தபோது பார்க்கரின் பெயர் அதில் இல்லை. வேறு நிறுவனத்தோடு அவருக்கு ஒப்பந்தம் இருந்ததால் ‘சார்லி சான்’ என்ற பொய்ப்பெயரில் அச்சிட்டார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அந்த இசைத்தட்டை வெளியிட்டது டெபு என்ற சிறு நிறுவனம். மேடையில் வாசித்த மிங்கஸும் ரோச்சும் சேர்ந்து 1952இல் தொடங்கியது அது. நிகழ்ச்சி நடத்தியவர்களிடம் கூலி சரியாக வராதபோதும் ஒலிநாடா கலைஞர்கள் கையில் இருந்தது. அது அவர்கள் கையில் இருந்ததால்தான் அந்த இரவு இன்று நமக்குக் கேட்கிறது.

1955 மார்ச் 12 அன்று பார்க்கர் இறந்தார். நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் ஸ்டான்ஹோப் என்ற ஆடம்பர விடுதியில், தன்னை ஆதரித்த ஒரு சீமாட்டியின் அறையில். தெருவைக் கடந்தால் எதிரே மெட்ரோபாலிடன் கலை அருங்காட்சியகம். உடலைப் பார்த்த மருத்துவர் அவருடைய வயதை 50க்கும் 60க்கும் இடையில் கணித்தார். அவருக்கு வயது 34. தோழர்களே, நம் சேரிகளில் முப்பதைத் தாண்டிய தாய்மார்களைப் பார்த்து அறுபது என்று நினைக்கும் வெளியூர்க்காரர்களை நாம் பார்த்திருக்கிறோம். உடலில் வயதை எழுதுவது வருடங்கள் மட்டும் அல்ல.

கேன்சஸ் சிட்டியில் தன்னைப் புதைக்க வேண்டாம், நியூயார்க்தான் தன் ஊர் என்று துணைவி சானிடம் அவர் சொல்லியிருந்தார். உடல் அங்கேயேதான் கொண்டுபோய்ப் புதைக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகள் நெருங்கும்போது கருவியும் அதே ஊருக்குப் போனது.

1994ஆம் ஆண்டை நம்மில் பலர் ‘டூயட்’ படத்தால் நினைவில் வைத்திருப்போம். கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோன் நம் டீக்கடைகளில் எல்லாம் ஒலித்த ஆண்டு. அதே ஆண்டு செப்டம்பரில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் சான் பார்க்கரிடம் இருந்த பொருட்கள் விற்கப்பட்டன. இந்தச் சாக்ஸபோனை 93,500 பவுண்டுக்கு, அன்றைய கணக்கில் 1,44,500 டாலருக்கு, கேன்சஸ் சிட்டி நகரம் வாங்கியது. 55 பவுண்டுக்கு விற்ற வகைக் கருவி. சரியாக 1,700 மடங்கு. 1997இல் பதினெட்டாம் தெரு, வைன் தெருச் சந்திப்பில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் அது வைக்கப்பட்டது. கறுப்பின பேஸ்பால் அருங்காட்சியகமும் அதே கட்டடத்தில்தான்.

‘இருக்கும்போது சோறு போடாதவர்கள் செத்தபின் சிலை வைக்கிறார்கள்’ என்று சொல்லிவிட்டு இங்கேயே உரையை முடித்துக்கொள்ளலாம். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அது பாதி நியாயம்தான். அந்தக் கருவியை வாங்க முடிவெடுத்தபோது நகரத்தின் மேயராக இருந்தவர் இமானுவேல் கிளீவர், அந்நகரின் முதல் கறுப்பின மேயர். அவர்கள் வாங்காமல் இருந்திருந்தால் அது ஏதோ ஒரு பணக்காரரின் வரவேற்பறை அலமாரிக்குப் போயிருக்கும். யாரைப் பிரித்துவைத்ததோ அந்த நகரமே பொதுப்பணத்தில் வாங்கி, யாருடைய தெருவோ அந்தத் தெருவிலேயே கொண்டுவந்து வைத்தது. நகரத்தின் நடுவிலுள்ள பெரிய மாளிகை ஒன்றில் வைக்காமல் அந்தத் தெருவில் வைத்ததில் ஓர் அரசியல் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன்.

என் தயக்கம் வேறொரு இடத்தில். அருங்காட்சியகங்களில் ‘தொடாதீர்கள்’ என்று எழுதியிருப்பார்கள். இந்தச் சொல்லை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? நம்மைத் தொட்டால் தீட்டு என்றது சாதி. பேழைக்குள் இருப்பதைத் தொட்டால் புனிதம் கெடும் என்கிறது பாதுகாப்பு. காரணங்கள் வேறு வேறு. ஆனால் தொடப்படாத கருவி ஒலிக்காது என்பது மட்டும் மாறாது. தீயில் காய்ச்சாத பறை ஊமை. அதைக் கொண்டுபோய் எவ்வளவு நல்ல விளக்கின் கீழ் வைத்தாலும் ஊமைதான்.

கேன்சஸ் சிட்டி இதற்கும் ஒரு விடை வைத்திருக்கிறது. அருங்காட்சியகத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஹைலேண்ட் அவென்யூவில் அந்தப் பழைய 627ஆம் சங்கத்தின் கட்டடம் இன்னும் நிற்கிறது. வார இறுதி நள்ளிரவுகளில் அங்கே கலைஞர்கள் கூடி விடியும்வரை வாசிக்கிறார்கள். ஒரு தெருவில் கண்ணாடிக்குள் கருவி, அடுத்த தெருவில் மூச்சும் கையுமாக இசை. இரண்டும் வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் நான் அடுத்த தெருவைத் தேர்ந்தெடுப்பேன்.

இனி நம் பக்கம் வருகிறேன். அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1739இல் அடிமைகள் கொட்டடித்துத் திரண்டு கிளர்ந்தெழுந்தார்கள். மறு ஆண்டே, 1740இல், அடிமைகள் கொட்டு வைத்திருப்பதையும் அடிப்பதையும் தடைசெய்து சட்டம் வந்தது. கறுப்பினத் தோழர்களின் வரலாற்றையும் நம் வரலாற்றையும் நாம் அடிக்கடி பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். அண்ணல் அம்பேத்கர் 1946இல் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். பம்பாய் இளைஞர்கள் 1972இல் தங்கள் இயக்கத்துக்குத் தலித் சிறுத்தைகள் என்று பெயர் வைத்தார்கள். உறவு உண்மையானது. ஆனால் வேறுபாட்டையும் பார்க்க வேண்டும். அங்கே கொட்டு அடித்தால் தண்டனை. இங்கே சாவுக்கு அடிக்க மறுத்தால் தண்டனை. அங்கே கருவியைப் பிடுங்கினார்கள். இங்கே கருவியைக் கழுத்தில் கட்டினார்கள். அதனால்தான் நமக்குக் கருவியோடு இருக்கும் உறவு அவ்வளவு நேரானது அன்று.

பறையை எரிக்க வேண்டும் என்றவர்களும் நம்மவர்கள். பறையை மீட்க வேண்டும் என்றவர்களும் நம்மவர்கள். கட்டாயமாகச் சுமத்தப்பட்ட இழிவை உதறியவர்களின் தன்மானமும், அதே கருவியை மேடையேற்றி விடுதலையின் ஒலியாக்கியவர்களின் தன்மானமும் ஒன்றுக்கொன்று பகை இல்லை. முடிவெடுத்தது யார் என்பதே இங்கே கேள்வி. ஊர் முடிவெடுத்தால் அடிமைத்தனம். நாம் முடிவெடுத்தால் கலை. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைக் கையில் எடுத்தபோது முடிவெடுத்தவர்கள் அவர்கள். 2025இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது ஒரு பறையிசைக் கலைஞர் தன் பெயராலேயே அறியப்பட்டார்.

பெயர் என்றேன். பார்க்கரின் கருவிக்குக் கீழே பார்க்கரின் பெயர் இருக்கிறது. ஒரு பறையைக் கண்ணாடிக்குள் வைத்தால் கீழே என்ன எழுதுவார்கள்? ‘தோற்கருவி’. ‘நாட்டுப்புற இசைக்கருவி’. அதை அடித்தவருக்குப் பெயர் இல்லையா? வேப்பங்கட்டையை இழைத்தவருக்கு, தோலை ஊறவைத்து இழுத்துக் கட்டியவருக்கு? மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாலக்காடு மணி ஐயரின் பெயர் தெரியாத கர்நாடக இசை ரசிகர் கிடையாது. அவருக்கு மிருதங்கம் செய்துகொடுத்த பர்லாந்துவின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் பதப்படுத்தி அந்த நாதத்தைக் கட்டியெழுப்பிய குடும்பங்களைப் பற்றி டி. எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலை எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. மேடையில் மிருதங்கம் இருக்கலாம். அதைச் செய்தவரின் பேச்சு மட்டும் மேடைக்கு வரக்கூடாது.

இன்னொரு கருவியையும் இங்கே நினைவுகூர வேண்டும். புனேயில் சிம்பயோசிஸ் நிறுவனத்தின் அம்பேத்கர் அருங்காட்சியகத்தில் அண்ணல் பயன்படுத்திய பொருட்களோடு அவருடைய வயலினும் இருக்கிறது. அரசியலமைப்பும் அரசியலும் நோயும் சூழ்ந்த வாழ்வில் அவர் வயலின் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டார். யாரும் அவரை வாசிக்கச் சொல்லவில்லை. சாவு வீட்டில் வாசிக்கவோ ஊர்த் திருவிழாவில் வாசிக்கவோ கட்டளை இல்லை. தன் விருப்பத்துக்காக மட்டும் எடுத்த கருவி அது. நம் மக்களுக்கு மறுக்கப்பட்டவற்றின் பட்டியலில் நிலம், நீர், கல்வி, கோயில் எல்லாம் எழுதுகிறோம். தனக்குப் பிடித்த கருவியைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையையும் அதில் சேர்த்து எழுத வேண்டும். துப்புரவுத் தொழிலாளியின் மகன் சாக்ஸபோனைத் தேர்ந்தெடுத்ததும் அண்ணல் வயலினைத் தேர்ந்தெடுத்ததும் அந்த உரிமையின் செயல்கள்.

நிறைவாக மன்றத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். பெரிய அருங்காட்சியகம் கட்ட நம்மிடம் பணம் இல்லை. ஆனால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கப் பணம் இருக்கிறது. ஒவ்வொரு கிளைத் தோழரும் தன் ஊரில் பறை அடித்த, அடிக்கும், அடிக்க மறுத்து அடிபட்ட மனிதர்களின் பெயர்களை எழுதுங்கள். கருவி செய்தவர்களின் பெயரையும் எழுதுங்கள். எந்த அடிக்கு என்ன பெயர் என்று அவர்கள் வாயாலேயே கேட்டுப் பதிவுசெய்யுங்கள். அந்தப் பதிவு அவர்கள் குடும்பத்திடமும் ஒரு படி இருக்கட்டும். மிங்கஸும் ரோச்சும் ஒலிநாடாவைத் தங்கள் கையில் வைத்திருந்ததை நினைவில் கொள்ளுங்கள். நாளை ஏதாவது ஓர் அருங்காட்சியகம் நம் கருவியைக் கேட்டு வந்தால் மறுக்க வேண்டாம். மூன்று நிபந்தனை சொல்வோம்: கீழே பெயர் இருக்க வேண்டும், செய்தவரின் பெயர் உட்பட. ஆண்டுக்கு ஒருமுறையாவது பேழையைத் திறந்து நம் பிள்ளைகள் அடிக்க வேண்டும். அடிப்பவர்களுக்குக் கூலியைக் கலைஞருக்குரிய ஊதியமாகத் தர வேண்டும்.

நம் தோழர் தன் இறுதி ஊர்வலத்துக்குக் கூலி பேசி யாரையும் பறையடிக்க அழைக்கக் கூடாது என்று எழுதிவைத்துவிட்டுப் போனவர். அன்று யாரையும் அழைக்கவில்லை. இளைஞர்கள் தாங்களாகவே பறையோடு வந்தார்கள். அவர்களின் பெயர்களிலிருந்தே அந்த நோட்டுப் புத்தகத்தைத் தொடங்கலாம்.